ஓவியங்களுக்கு வைத்தியம் பார்த்த பெட்டன்கோபர்

1892-ம் ஆண்டு அக்டோபர் 7-ந் தேதி. ஜெர்மனியில் பவேரியா ராஜ்யத்தின் தலைநகரமான மியூனிக். 73 வயது முதியவர் ஒருவர், சாட்சிகள் பார்த்துக் கொண்டிருக்க, ஒரு சிறு பாத்திரத்தைக் கையில் எடுத்தார். அதில் இருந்தது 1 கன சென்டிமீட்டர் திரவம். அதற்குள் கணக்கற்ற காலரா கிருமிகள் உயிரோடு இருந்தன.

அவர் அதை வாயில் ஊற்றி விழுங்கி விட்டார்!

அந்த ஆண்டு ஜெர்மனியின் ஹாம்பர்க் துறைமுக நகரில் மட்டும் 8 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் காலராவுக்குப் பலியாகி இருந்தார்கள். அப்படிப்பட்ட நேரத்தில் இந்தக் கிழவர் ஏன் இவ்விதம் செய்தார்? பிழைத்தாரா? அதைப் பிறகு பார்ப்போம்.

அவர் பெயர் மாக்ஸ் பெட்டன்கோபர். வைத்திய உலகில் அவரைத் தெரியாதவர் கிடையாது. நகரங்களுக்கு நல்ல குடிநீரும் சாக்கடை வசதியும் வேண்டும் என்று போராடி, சுகாதாரம் என்பதையே ஒரு தனிச் சாஸ்திரமாக ஆக்கியவர் அவர். ஆனால் அவர் நோய் தீர்க்க முயன்றது மனிதர்களுக்கு மட்டும் அல்ல. புகழ் பெற்ற ஓவியங்களுக்கும் அவர் வைத்தியம் பார்த்தார். அந்த வைத்தியத்தின் கதை மிகவும் விசித்திரமானது.

சதுப்பு நிலத்துச் சிறுவன்

1818-ம் ஆண்டு டிசம்பர் 3-ந் தேதி, டான்யூப் நதிக்கரை ஊரான நாய்பர்க்குக்கு அருகே, லிக்டன்ஹைம் என்ற சிற்றூரில் பெட்டன்கோபர் பிறந்தார். அது சதுப்பு நிலப் பகுதி. தந்தை அந்த மண்ணில் விவசாயம் செய்து வந்தார். வீட்டில் 8 பிள்ளைகள். நிலமோ சரியான விளைச்சல் தராத நிலம். குடும்பம் எப்படி நடந்திருக்கும் என்று சொல்ல வேண்டியது இல்லை.

நல்ல வேளையாக, சிறிய தந்தை ஒருவர் மியூனிக்கில் இருந்தார். அரண்மனை மருந்து சாலையின் தலைவர் அவர். ராஜ குடும்பத்துக்கு மருந்து கலந்து கொடுப்பவர் என்பதால் அந்தஸ்தும் உண்டு, வருமானமும் உண்டு. குழந்தை இல்லை. அண்ணன் பிள்ளைகளில் சிலரைத் தன்னிடம் அழைத்துக் கொண்டார். அவர்களில் ஒருவன் மாக்ஸ்.

நம்மில் எத்தனையோ பேர் இப்படித்தான் ஒரு சித்தப்பாவையோ மாமாவையோ நம்பி டிரங்குப் பெட்டியோடு ரெயில் ஏறி வந்தவர்கள். உறவினர் வீட்டில் தங்கிப் படிப்பது எப்படிப்பட்டது என்பது நமக்குத் தெரியும். சாப்பாட்டுக்குக் குறைவு இருக்காது. ஆனால் ஒவ்வொரு கவளமும் நன்றிக் கடன்.

சிறுவன் மாக்ஸ் நன்றாகப் படித்தான். 1837-ம் ஆண்டில் பள்ளிப் படிப்பைச் சிறப்பாக முடித்தான். பிறகு பல்கலைக் கழகத்தில் சேர்ந்தான். அதோடு, சிறிய தந்தையின் மருந்து சாலையில் தொழில் பழகும் பையனாகவும் வேலை செய்தான். அடுத்த தலைவராக அவனைத் தயார் செய்ய வேண்டும் என்பது பெரியவரின் எண்ணம்.

ஓர் அறை, ஓர் ஓட்டம்

ஒரு நாள் வேலையில் ஏதோ தவறு நடந்து விட்டது. சிறிய தந்தை கோபக்காரர். இளைஞனின் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டார். அவ்வளவுதான். மாக்ஸ் வீட்டை விட்டுக் கிளம்பி விட்டான்.

போன இடம் எது? ஆக்ஸ்பர்க் நகரத்து நாடகக் கொட்டகை! தன் பெயரில் நடுப்பகுதியை மட்டும் எடுத்துக் கொண்டு, டென்கோப் என்ற பெயரில் மேடை ஏறினான். மகாகவி கதே எழுதிய எக்மான்ட் நாடகத்தில் அவனுக்கு ஒரு பாத்திரம் கிடைத்தது. ஆனால் நடிப்பில் பெரிய பெயர் எதுவும் வரவில்லை. நாடகக்காரன் என்றால் அக்காலத்தில் அங்கேயும் மதிப்பு இல்லை. குடும்பத்தார் தலை குனிந்தார்கள்.

அவனைத் திருப்பிக் கொண்டு வந்தது ஒரு பெண். அவள் பெயர் ஹெலன், உறவுப் பெண். இருவரும் ஒருவரை ஒருவர் விரும்பினார்கள். நாடகத்தை விட்டு விட்டு, படிப்பை முடித்து, நல்ல மனிதனாகத் திரும்பினால்தான் கல்யாணம் என்று அவள் நிபந்தனை போட்டாள். அறைக்குப் பணியாதவன் அன்புக்குப் பணிந்தான்.

மியூனிக் திரும்பிய மாக்ஸ், 1843-ம் ஆண்டில் மருந்துக் கலைப் பரீட்சையிலும் தேறினான். டாக்டர் பட்டமும் பெற்றான்.

வேலை கிடைக்காத டாக்டர்

டாக்டர் பட்டம் பெற்றாலும் நோயாளிகளுக்கு நாடி பார்க்க அவருக்கு விருப்பம் இல்லை. மனம் முழுவதும் ரசாயனத்தில் இருந்தது. கீசன் நகரில் இருந்த லீபிக் என்ற உலகப் புகழ் பெற்ற ரசாயனப் பேராசிரியரிடம் சென்று 1844-ல் பாடம் கேட்டார். பித்த நீரைக் கண்டறிய ஒரு சோதனை முறையை வகுத்தார். இன்றும் வைத்திய நூல்களில் அந்தச் சோதனைக்கு அவர் பெயர்தான்.

இவ்வளவும் செய்து விட்டு ஊர் திரும்பினால், வேலை இல்லை! சர்க்காரில் அவருக்கு ஏற்ற பதவி காலி இல்லை. கடைசியில் 1845-ல் ராஜாங்க நாணயச் சாலையில் ஓர் உதவியாளர் வேலை கிடைத்தது. அதை வைத்துக் கொண்டு ஹெலனைக் கல்யாணம் செய்து கொண்டார்.

டாக்டர் பட்டம் பெற்றவர் நாணயம் உருக்கும் இடத்தில் என்ன செய்வது? சும்மா இருக்கவில்லை அவர். பழைய வெள்ளி நாணயங்களை உருக்கிப் பிரிக்கும்போது தங்கத்தோடு பிளாட்டினமும் கலந்து இருப்பதைக் கண்டறிந்து, அதைப் பிரித்து எடுக்க வழி சொன்னார். கிடைத்த வேலை சிறியதே என்று சோர்ந்து போகாமல், அந்த வேலைக்குள்ளேயே தன் திறமையைக் காட்டியதால் பெரியவர்களின் பார்வை அவர் மேல் விழுந்தது. 1847-ல் மியூனிக் பல்கலைக் கழகத்தில் மருத்துவ ரசாயனப் பேராசிரியர் ஆனார். 1850-ல் சிறிய தந்தை காலமானதும், அரண்மனை மருந்து சாலையின் தலைவர் பதவியும் அவரைத் தேடி வந்தது. எந்த இடத்தில் அறை வாங்கி ஓடினாரோ, அதே இடத்துக்கு அவரே தலைவர்!

அதே 1850-ம் ஆண்டில், மூலகங்களின் அணு எடைகளுக்கு இடையே ஓர் ஒழுங்கு இருக்கிறது என்று அவர் எடுத்துக் காட்டினார். அந்த ஆராய்ச்சியைத் தொடரப் பண உதவி கேட்டார். கிடைக்கவில்லை. விட்டு விட்டார். பல ஆண்டுகளுக்குப் பின் ருஷ்யாவின் மெண்டலீவ் அந்தத் துறையில் அழியாப் புகழ் பெற்றார். 1899-ல், 80 வயதைத் தாண்டிய பிறகு, ஜெர்மன் ரசாயனச் சங்கம் பெட்டன்கோபருக்குத் தங்கப் பதக்கம் அளித்து அந்தப் பழைய வேலையை நினைவு கூர்ந்தது.

மங்கிப் போன பொக்கிஷங்கள்

இனி ஓவியக் கதைக்கு வருவோம்.

மியூனிக்கில் பினகோதெக் என்ற மாபெரும் ஓவியக் கூடம் இருக்கிறது. 1836-ல் திறக்கப்பட்டது. ரூபன்ஸ், டூரர் போன்ற மேதைகளின் படங்கள் அங்கே நிறைந்து கிடக்கின்றன. பவேரியா மன்னர்கள் தலைமுறை தலைமுறையாகச் சேர்த்த சொத்து அது.

1860-ம் ஆண்டுகளின் தொடக்கத்தில் மியூனிக்கில் ஒரு பெரும் கூச்சல் கிளம்பியது. அரசாங்க ஓவியங்கள் கெட்டுப் போகின்றன என்று பத்திரிகைகள் எழுதின. படங்களின் மேல் சாம்பல் பூத்தது போல ஒரு வெண்மை படர்ந்து இருந்தது. கறுப்பு இருந்த இடம் வெளுத்துத் தெரிந்தது. முகம் எது, திரை எது என்று தெரியாத அளவுக்குச் சில படங்கள் மங்கி விட்டன. பழுது பார்ப்பவர்கள் பழைய வார்னிஷைத் துடைத்து எடுத்துப் புதிதாகப் பூசினார்கள். துடைக்கும்போது பல இடங்களில் மூல ஓவியரின் வர்ணமும் சேர்ந்து போயிற்று. நோயைவிட வைத்தியம் பொல்லாததாக இருந்தது.

சர்க்கார் ஒரு குழு அமைத்தது. அதில் ரசாயன நிபுணராகப் பெட்டன்கோபர் ஈடுபட்டார். ஓவியங்களைக் காப்பாற்றும் விஷயத்தில் ஓவியர்களையும் பழுது பார்ப்பவர்களையும் மட்டும் நம்பாமல் ஒரு விஞ்ஞானியைக் கூப்பிட்டது அக்காலத்தில் புதுமை.

அந்த வெண்மை என்ன? பூஞ்சக் காளான் என்றார்கள் சிலர். அப்படியானால் மருந்து போட்டுக் கொல்ல வேண்டும். வர்ணமே அழுகி விட்டது என்றார்கள் வேறு சிலர். அப்படியானால் எதுவும் செய்வதற்கு இல்லை. பெட்டன்கோபர் பூதக் கண்ணாடியை வைத்துப் பார்த்தார். காளான் முக்கியக் காரணம் அல்ல என்று தெரிந்தது. வார்னிஷ் பூச்சு முழுவதும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய வெடிப்புகள் இருந்தன.

அதில் என்ன அதிசயம் என்று கேட்கலாம். ஒரு கற்கண்டுக் கட்டியை எடுத்துப் பாருங்கள். கண்ணாடி போல ஒளி ஊடுருவும். அதையே அம்மியில் வைத்துப் பொடித்தால் வெள்ளை வெளேர் என்று ஆகி விடும். கற்கண்டின் குணம் மாறவில்லை. பொடிகளுக்கு நடுவே காற்றுப் புகுந்து விட்டது. வெளிச்சம் நேராக உள்ளே போகாமல், ஒவ்வொரு துகளிலும் மோதிச் சிதறுகிறது. அதனால் வெண்மை. வார்னிஷிலும் இதுவேதான் நடந்தது.

வார்னிஷ் என்பது மரப் பிசினைக் கரைத்துப் பூசும் பூச்சு. நம் வீடுகளில் சாம்பிராணியோடு போட்டுப் புகைக்கும் குங்கிலிய இனத்தைச் சேர்ந்த பிசின்களும் அதற்குப் பயன்பட்டன. ஈரக் காற்று, உலர்ந்த காற்று, குளிர், வெப்பம் என்று மாறி மாறிப் பட்டதால் அந்தப் பிசின் பூச்சின் துகள்கள் ஒன்றை ஒன்று விட்டுப் பிரிந்தன. ஆகவே பிசின் அழியவில்லை. அதன் பிடிப்புத்தான் விட்டுப் போயிற்று என்று பெட்டன்கோபர் முடிவு கட்டினார்.

இதே போன்ற ஒன்றை நாம் தினமும் பார்க்கிறோம். பாலிஷ் போட்ட மேஜை மேல் சூடான டீ கிளாசை வைத்து எடுத்தால் வெள்ளை வட்டம் விழுகிறது அல்லவா? எங்கள் ரெயில்வே அலுவலக மேஜையில் அப்படிப் பத்து வட்டங்களாவது இருக்கும். சூட்டில் கிளம்பிய ஈரம் பாலிஷுக்குள் புகுந்து செய்யும் வேலை அது. கைதேர்ந்த பாலிஷ்காரர் ஸ்பிரிட் தொட்ட துணியால் லேசாக ஒரு தடவு தடவி அதைப் போக்கி விடுவார். ஆனால் மேஜையைத் துணியால் தடவலாம். ரூபன்ஸ் ஓவியத்தைத் தடவ முடியுமா?

தொடாமல் செய்யும் சிகிச்சை

பெட்டன்கோபர் ஒரு தட்டையான பெட்டி செய்தார். அதன் அடியில் துணி விரித்துச் சாராயத்தில் நனைத்தார். குடிக்கும் சாராயம் அல்ல. வீரியமான சுத்தச் சாராயம். ஓவியத்தை மூடியின் உட்புறம் முகம் கீழே பார்க்கும்படிப் பொருத்தி, பெட்டியை மூடினார். ஓவியத்தின் மேல் ஒரு துளி சாராயமும் படாது. ஆவி மட்டும் மெல்ல எழும்பும். சூடு காட்ட வேண்டிய அவசியமும் இல்லை.

பிசின் அந்த ஆவியை உறிஞ்சி இளகும். இளகியதும் பிரிந்து நின்ற துகள்கள் மறுபடி ஒட்டிக் கொள்ளும். பிறகு பெட்டியைத் திறந்தால் சாராயம் காற்றில் போய் விடும். வார்னிஷ் பழையபடி ஒரே கண்ணாடியாக நிற்கும். வெண்மை மறைந்து, அடியில் இருந்த கறுப்பும் சிவப்பும் பொன்னிறமும் பளிச்சென்று வெளிவரும்.

பார்த்தவர்கள் பிரமித்தார்கள். துடைக்கவில்லை, சுரண்டவில்லை, புது வர்ணம் பூசவில்லை. மனிதக் கை படாமலே படம் உயிர் பெற்று விட்டது! 1863-ல் பெட்டன்கோபர் இதற்குக் காப்புரிமை பெற்றார். 1870-ல் எண்ணெய் வர்ணத்தைப் பற்றியும் ஓவியக் கூடங்களைப் பாதுகாப்பதைப் பற்றியும் ஒரு புத்தகம் வெளியிட்டார். அவருடைய முறை மியூனிக்கைத் தாண்டி ஹாலந்து, இங்கிலாந்து வரை பரவியது. லண்டன் தேசிய ஓவியக் கூடத்திலும் அதைக் கையாண்டார்கள்.

ஆவி மட்டும் போதாத படங்களுக்கு அவர் இன்னொன்றும் சேர்த்தார். தென் அமெரிக்கக் காடுகளில் கொப்பாய்பா என்ற மர இனம் உண்டு. அதில் இருந்து வடியும் தைலம் போன்ற பிசினை ஓவியத்தின் மேல் தேய்த்து, அதன் பிறகு ஆவி காட்டினார்கள். அந்தத் தைலம் வெடிப்புகளுக்குள் இறங்கி நிரப்பியது. படம் இன்னும் அழகாகத் தெரிந்தது.

சாராய ஆவி பிசினை இளக்கும். நூற்றாண்டுகளாகக் காய்ந்து இறுகிய எண்ணெய் வர்ணத்தை ஒன்றும் செய்யாது. இதுதான் பெட்டன்கோபர் போட்ட கணக்கு. இந்தக் கணக்கில்தான் பிழை இருந்தது. அது வெளிப்பட அவருடைய ஆயுள் போதவில்லை.

நகரத்துக்கே வைத்தியர்

ஓவிய வேலை அவருக்கு ஒரு கிளை வேலைதான். மக்கள் நெருக்கமாக வாழும் வீடுகளில் மூச்சுக் காற்று எப்படிக் கெடுகிறது என்று அவர் அளந்து பார்த்தார். அறையின் காற்றில் கரியமில வாயு ஆயிரத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்று 1858-ல் ஓர் எல்லை வகுத்தார். இன்றும் அந்த அளவுக்குப் பெட்டன்கோபர் எண் என்று பெயர். ஓர் அறையில் எட்டுப் பேர் படுத்து எழுந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

1865-ல் மியூனிக் பல்கலைக் கழகத்தில் சுகாதாரத்துக்கு என்றே பேராசிரியர் பதவி ஏற்பட்டபோது அதில் அமர்ந்தவர் அவரே. வியன்னா நகரம் அவரை அழைத்தது. அவர் போகவில்லை. அதற்குப் பிரதியாகத் தனக்குச் சலுகை எதுவும் கேட்கவில்லை. சுகாதார ஆராய்ச்சிக்கு ஒரு நிலையம் கேட்டார். 1879-ல் அது திறக்கப்பட்டது.

காலரா அவரை விடாமல் துரத்திய எதிரி. 1854-ல் மியூனிக்கில் காலரா பரவியபோது அவரே அந்த நோயில் படுத்து எழுந்தார். அது முதல் அதன் காரணத்தைத் தேடினார். ஊரின் மண், மண்ணுக்கு அடியில் உள்ள நீர்மட்டம் இவைதான் முக்கியம் என்பது அவர் கொள்கை. கிருமி ஒன்று இருக்கலாம். ஆனால் அசுத்த மண்ணில் அது பக்குவம் ஆனால்தான் நோய் வரும். குடிநீர் வழியாக நேரே வராது என்று அவர் உறுதியாக நம்பினார்.

இந்தக் கொள்கை நம் நாடு வரை வந்தது. 1868-ல் காலரா ஆராய்ச்சிக்காகக் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்ட லூயிஸ், கன்னிங்காம் என்ற இரண்டு இளம் டாக்டர்கள், கப்பல் ஏறும் முன் ஜெர்மனிக்குப் போய்ப் பெட்டன்கோபரைச் சந்தித்து விட்டே வந்தார்கள். ஆனால் 1884-ல் அதே கல்கத்தாவில், ராபர்ட் காக் என்ற ஜெர்மன் டாக்டர் காலரா கிருமியைப் பிரித்து எடுத்துக் காட்டினார். அது குடிநீர் வழியாகப் பரவுகிறது என்றும் சொன்னார்.

காக் சொன்னதே சரி. ஆனால் பெட்டன்கோபர் தன் கொள்கைப்படி என்ன செய்தார் என்பதைக் கவனிக்க வேண்டும். மண் சுத்தமாக வேண்டும் என்று சொல்லி, மியூனிக் நகருக்குச் சாக்கடைத் திட்டம் வரச் செய்தார். 1883 முதல் மாங்ஃபால் பள்ளத்தாக்கின் ஊற்று நீர் குழாய்கள் வழியாக நகருக்கு வந்து சேர்ந்தது. டைபாய்டு காய்ச்சலுக்குப் பெயர் போன மியூனிக், ஆரோக்கிய நகரம் என்ற பெயரை எடுத்தது. அந்த 1883-ம் ஆண்டிலேயே பவேரியா மன்னர் அவருடைய வம்சத்துக்குப் பிரபு பட்டம் அளித்தார்.

கிருமியை விழுங்கிய பின்

மறுபடி 1892-க்கு வருவோம். காக் சொல்வது தவறு, கிருமி மட்டும் நோய் தராது என்று நிரூபிக்கத்தான் அந்த முதியவர் கிருமியை விழுங்கினார். வயிற்றில் உள்ள புளிப்பு கிருமியைக் கொன்று விட்டது என்று பிறர் குறை சொல்லக் கூடாது என்பதற்காக, சோடா உப்பையும் கரைத்துக் குடித்தார். சில நாட்கள் வயிற்றுப் போக்கு இருந்தது. அதோடு சரி. உயிருக்கு ஆபத்து வரவில்லை. பத்து நாள் கழித்து அவருடைய சீடர் எம்மரிக்கும் அவ்விதமே விழுங்கினார். அவருக்கு உபாதை கொஞ்சம் அதிகம், அவரும் பிழைத்தார்.

தான் வென்றதாகவே பெட்டன்கோபர் நினைத்தார். ஆனால் உலகம் அதை ஏற்கவில்லை. பழைய காலரா அவர் உடம்பில் எதிர்ப்புச் சக்தியை விட்டுச் சென்று இருக்கலாம். அனுப்பப்பட்ட கிருமி வீரியம் குறைந்ததாக இருந்திருக்கலாம் என்று பலவாறு பேசினார்கள். ஹாம்பர்க்கில் நதி நீரை வடிகட்டாமல் குடித்தவர்கள் ஆயிரக்கணக்கில் மடிந்ததும், அதை ஒட்டிய அல்டோனாவில் வடிகட்டிய நீரைக் குடித்தவர்கள் பெருமளவு தப்பியதும் காக்கின் பக்கம் சாட்சி சொல்லின.

கடைசி ஆண்டுகள் துயரமானவை. மனைவி ஹெலன் 1890-ல் இறந்து விட்டாள். பெற்ற பிள்ளைகளில் மூவரை ஏற்கனவே பறிகொடுத்து இருந்தார். 1894-ல் வேலையில் இருந்து ஓய்வு பெற்றார். உடம்பு தளர்ந்தது, மனம் அதைவிடத் தளர்ந்தது. 1901-ம் ஆண்டு பிப்ரவரி 10-ந் தேதி, 82-வது வயதில், தன் உயிரைத் தானே முடித்துக் கொண்டார். ஒரு நகரத்தின் மரணங்களைக் குறைத்தவருக்குத் தன் மனச் சுமையைக் குறைத்துக் கொள்ள வழி தெரியவில்லை.

படங்கள் சொன்ன தீர்ப்பு

அவர் மறைந்த பிறகு, அவர் சிகிச்சை செய்த ஓவியங்கள் மெல்ல மெல்ல வேறு கதை சொல்லத் தொடங்கின. போன வெண்மை சில காலத்தில் மறுபடி வந்தது. மறுபடி ஆவி காட்டினார்கள். திரும்பத் திரும்பச் செய்ததில், வார்னிஷ் மட்டும் அல்ல, அடியில் இருந்த வர்ணமும் இளகி இருக்கிறது. கொப்பாய்பா தைலம் தேய்த்த படங்களில் கேடு இன்னும் அதிகம். தைலம் ஆழமாக இறங்கி, வர்ணத்தை ஊற வைத்து, வார்னிஷும் வர்ணமும் எல்லை தெரியாமல் ஒன்றோடு ஒன்று கலந்து போகும்படி செய்து விட்டது. அப்படிப்பட்ட படத்தில் பழைய வார்னிஷை எடுக்கப் போனால் வர்ணமும் கூடவே வருகிறது.

இன்றைய ஆய்வுக் கூடங்கள் இதை நுட்பமாகக் கண்டறிகின்றன. கடுகை விடச் சிறிய ஒரு துணுக்கை ஓவியத்தின் ஓரத்தில் இருந்து எடுத்து, பிசினில் பதித்து, குறுக்கே அறுத்து, நுண்ணோக்கியில் வைத்துப் பார்க்கிறார்கள். கேக் துண்டில் அடுக்கு அடுக்காகத் தெரிவது போல, துணியின் மேல் அடிப்பூச்சு, அதன் மேல் வர்ணம், அதன் மேல் வார்னிஷ் என்று எல்லாம் தெரியும். எங்கே எல்லை குலைந்து இருக்கிறது என்பதும் தெரியும். இன்னொரு துணுக்கை ஆவியாக்கி, அதில் கலந்துள்ள பொருள்களைத் தனித்தனியே பிரித்து எடை காணும் கருவிகள் இருக்கின்றன. எந்த எண்ணெய், எந்த மரத்துப் பிசின் என்று அவை சொல்லி விடும்.

இதில் நம் காலத்துக்கும் பாடம் உண்டு. 1950-ம் ஆண்டுகள் முதல் ஓவியர்கள் அக்ரிலிக் போன்ற செயற்கை வர்ணங்களைப் பயன்படுத்தத் தொடங்கினார்கள். அவற்றைச் சுத்தம் செய்யத் தண்ணீர் தொட்டாலே சில வர்ணங்கள் ஊறிப் பருக்கின்றன. உள்ளே கலந்துள்ள பொருள்கள் கசிகின்றன. அதனால்தான் லண்டன் டேட் ஓவியக் கூடமும் அமெரிக்காவின் கெட்டி பாதுகாப்பு நிலையமும் இந்தப் புது வர்ணங்களைப் பற்றி ஆண்டுக் கணக்கில் ஆராய்ந்து வருகின்றன. முதலில் பொருள் என்ன என்று அறி, பிறகு மருந்தைத் தொடு என்பதே இன்று அந்தத் துறையின் முதல் விதி. அந்த விதிக்கு அஸ்திவாரம் போட்டவர்களில் ஒருவர், அதை மீறி அவசரப்பட்ட அதே பெட்டன்கோபர்தான்.

அவர் வாழ்க்கைக் கணக்கை இப்போது கூட்டிப் பார்க்கலாம். ஓவியத்தில், நோயின் காரணத்தைப் பெரும்பாலும் சரியாகக் கண்டார். கொடுத்த மருந்து படத்தைக் கெடுத்தது. காலராவில், காரணத்தைத் தவறாகக் கண்டார். கொடுத்த மருந்து ஊரைக் காப்பாற்றியது. மெத்தப் படித்தவருக்கும் இப்படி நடக்கும் என்றால், பத்தாவது படித்த நானும் நீங்களும் நம் முடிவுகளைப் பற்றிக் கொஞ்சம் அடக்கமாக இருப்பதில் தவறு இல்லை.

நம் சமாஜத்திலோ வீட்டிலோ தாத்தா காலத்துப் படம் ஒன்று மங்கிப் போய் மாட்டி இருக்கலாம். தேங்காய் எண்ணெய் தேய்த்தால் பளபளக்கும், கடை வார்னிஷ் ஒரு கோட் அடித்தால் புதிதாகி விடும் என்று யாராவது யோசனை சொல்வார்கள். அன்று மாலை அது பளபளக்கத்தான் செய்யும். அடுத்த தலைமுறைக்கு அது இருக்குமா என்பதுதான் கேள்வி. தூசியைப் பூப்போல ஒற்றி எடுத்து, ஈரச் சுவரில் இருந்து கழற்றி உலர்ந்த சுவரில் மாட்டுங்கள். மற்றதை விஷயம் தெரிந்தவரிடம் விட்டு விடுங்கள்.